இருபதாம் அடுக்கு: சிலூரியன்–டெவோனியன் எல்லை க்ளோங்க் குன்றில் நின்ற கதை

செக் குடியரசின் தலைநகர் ப்ராகிலிருந்து தென்மேற்கே சுமார் 35 கி.மீ. போனால் சுகோமாஸ்டி என்ற சிற்றூர். அதன் அருகில் க்ளோங்க் என்றொரு குன்று. அதன் சரிவில் கருஞ்சாம்பல் நிறச் சுண்ணாம்புக்கல் பாளங்களும் களிப்பாறைப் படலங்களும் மாறிமாறி அடுக்கியிருக்கின்றன. ஒவ்வோர் அடுக்குக்கும் எண் கொடுத்திருக்கிறார்கள். 20 என்று எண் பெற்ற அடுக்கின் கனம் 7 முதல் 10 செ.மீ. உலகம் முழுவதற்கும், சுமார் 42 கோடி ஆண்டுகளுக்கு முன், சிலூரியன் என்ற நிலவியல் காலம் முடிந்து டெவோனியன் காலம் தொடங்குவது அந்த அடுக்குக்குள்தான்.

இது 1972-இல் மான்ட்ரியலில் கூடிய சர்வதேச நிலவியல் மாநாட்டில் ஏற்கப்பட்ட முடிவு. நிலவியல் காலத்தின் ஓர் எல்லையை ஒரே ஒரு பாறைமுகத்தில், ஒரே ஒரு புள்ளியில் நிறுத்தி, 'இனி எல்லாரும் இதைத்தான் பார்க்க வேண்டும்' என்று உலக நிலவியலாளர்கள் ஒப்புக்கொண்டது அதுவே முதல் தடவை. இன்று இப்படி 70-க்கும் மேற்பட்ட புள்ளிகள் உலகெங்கும் உள்ளன. துறைக்குள் இவற்றைத் தங்க ஆணி என்பார்கள். பெயர்தான் தங்கம்; க்ளோங்கில் நிற்பது ஒரு கல் நினைவுச்சின்னம்.

அந்த எல்லையைக் கண்டுபிடிக்க உதவுவது மோனோகிராப்டஸ் யூனிஃபார்மிஸ் என்ற கடலுயிரியின் புதைபடிவம். ஓரிரு மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு மிதவை உயிரிக்கு இவ்வளவு பெரிய பொறுப்பு எப்படி வந்தது, அதற்கு முன் எல்லை எங்கே இருந்தது, ஏன் அங்கே நிலைக்கவில்லை என்பதுதான் இந்த ஆய்வின் பொருள்.

டெவனில் தொடங்கிய வழக்கு

இரண்டு காலங்களுக்கும் பெயர் வைத்தவர்கள் பிரிட்டிஷ்காரர்கள். ரோடரிக் மர்ச்சிசன் வேல்ஸ் எல்லைப் பகுதியின் பாறைகளை வைத்து 1835-இல் சிலூரியனை முன்வைத்தார். டெவோனியன் பிறந்தது ஒரு சண்டையில். 1834-இல் ஹென்றி டி லா பெஷ் என்ற நிலவியலாளர், தென்மேற்கு இங்கிலாந்தின் டெவன் மாவட்டத்தின் மிகப் பழைய பாறைகள் என்று கருதப்பட்டவற்றில் நிலக்கரிக் காலத்துத் தாவரங்களின் புதைபடிவங்கள் கிடைத்ததாக அறிவித்தார். அப்படி இருக்கவே முடியாது, அடுக்கின் வரிசையைத் தவறாகப் படித்துவிட்டார் என்று மர்ச்சிசன் பாய்ந்தார். வாதம் பல ஆண்டுகள் நீண்டது. தாவரங்கள் இருந்த பாறை நிலக்கரிக் காலத்தைச் சேர்ந்ததுதான். ஆனால் அதற்குக் கீழே இருந்த பழைய பாறைகள் எந்தக் காலம்?

விடை கடல் புதைபடிவங்களிலிருந்து வந்தது. டெவன் சுண்ணாம்புக்கல்லின் பவளங்களைப் பரிசோதித்த வில்லியம் லான்ஸ்டேல், அவை சிலூரியன் பவளங்களுக்கும் நிலக்கரிக் காலப் பவளங்களுக்கும் இடைப்பட்டவை என்று கண்டார். வேல்ஸ் எல்லையில் சிலூரியனுக்கு மேலே ஆயிரக்கணக்கான அடி கனத்துக்குக் கிடக்கும் பழைய செம்மணற்கல்லும் அதே இடைக்காலத்தைச் சேர்ந்தது என்று அர்த்தமாயிற்று. ஒன்று கடலில் படிந்தது, மற்றது ஆற்றுச் சமவெளியில் படிந்தது, காலம் ஒன்றே. 1839-இல் ஆடம் செட்ஜ்விக்கும் மர்ச்சிசனும் டெவோனியன் என்ற பெயரை வெளியிட்டார்கள்.

காலத்துக்குப் பெயர் கிடைத்துவிட்டது. அதன் தொடக்கக் கோடு கிடைக்கவில்லை. டெவனின் பாறைகள் மடிந்து நொறுங்கிக் கிடப்பவை. சிலூரியனிலிருந்து டெவோனியனுக்கு அடுக்கடுக்காக ஏறும் வரிசையை அங்கே பார்க்க முடியாது. எனவே பலரும் வேல்ஸ் எல்லைப் பகுதியின் லட்லோ நகரத்துக்குப் போனார்கள். அங்கே சாம்பல் நிறக் கடல் படிவுகளின் உச்சியில் மீன் செதில்களும் முட்களும் நிறைந்த மெல்லிய மணலடுக்கு ஒன்று உண்டு: லட்லோ எலும்புப் படுகை. அதற்கு மேலே கடல் சிப்பிகள் வேகமாகக் குறைகின்றன. சிறிது மேலே போனால் பாறை சிவக்கத் தொடங்குகிறது. கண்ணுக்குத் தெரியும் மாற்றம், கை வைத்துக் காட்டக்கூடிய அடுக்கு. இதைவிட வசதியான எல்லை வேறு எது என்று தோன்றும். பிரிட்டனில் நெடுங்காலம் பலர் அதையே எல்லையாக வைத்திருந்தார்கள்.

சிக்கல் அந்த வசதியில்தான் இருந்தது. லட்லோவில் நடந்தது கடல் பின்வாங்கியது. அது அந்த வட்டாரத்தின் செய்தி. அதே நேரத்தில் ப்ராகும் க்ளோங்கும் உள்ள செக் பகுதியான பொஹீமியாவிலும் அமெரிக்காவின் நெவாடாவிலும் கடல் எப்போதும்போல இருந்தது. அங்கே எலும்புப் படுகையும் இல்லை, செம்மணலும் இல்லை. லட்லோவின் எல்லைக்கோட்டை மற்ற நாடுகளுக்கு நீட்டிக்க வேண்டுமென்றால் கோட்டின் இரு பக்கமும் ஒரே வகைக் கடல் உயிரிகள் தொடர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும். எல்லைக்கோட்டிலேயே கடல் உயிரிகள் காணாமற்போகும் இடம், கடலின் காலத்தைப் பிரிக்கப் பயன்படாது. காலம் மாறியதையும் சூழல் மாறியதையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வது நிலவியலின் மிகப் பழைய வழுக்கல்களில் ஒன்று. பாறையின் நிறம் மாறும் இடத்தில் கோடு கிழிக்கக் கை தானாகப் போய்விடும்.

கிராப்டோலைட் இருந்தால் சிலூரியன்

கடல் தொடர்ந்து இருந்த ஐரோப்பியப் பகுதிகளில் வேறொரு வழக்கம் இருந்தது. அங்கே பொறுப்பு கிராப்டோலைட்டுகளிடம்.

கிராப்டோலைட் ஒரு கூட்டுயிரி. நூற்றுக்கணக்கான நுண்ணிய உயிர்கள் தத்தம் குழாய்களுக்குள் இருந்துகொண்டு, ஒரே தண்டில் வரிசையாக ஒட்டி வாழ்ந்தன. மோனோகிராப்டஸ் பேரினத்தில் குழாய்கள் தண்டின் ஒரு பக்கம் மட்டுமே இருக்கும். நசுங்கிய புதைபடிவத்தைக் கறுத்த களிப்பாறையில் பார்த்தால், ஒரு பக்கம் வழவழப்பாகவும் மறுபக்கம் பல் பல்லாகவும் வெட்டுப்பட்ட கோடு தெரியும். பல்லின் வடிவம், கொக்கியா மூடியா, தண்டு வளைந்ததா நேரா, ஒரு சென்டிமீட்டருக்கு எத்தனை பல் என்பவற்றை வைத்து இனம் பிரிப்பார்கள். இவை கடலின் மேல்நீரில் மிதந்து நீரோட்டத்தோடு வெகுதூரம் பரவின. செத்தபின் அடியில் எந்தச் சேறு இருந்ததோ அதில் விழுந்தன. இனங்கள் சீக்கிரம் சீக்கிரமாக மாறின. காலம் குறிக்க இதைவிட நல்ல தகுதிகள் கிடையாது.

மிதந்தோ நீந்தியோ பரவிய உயிரிகளுக்குத்தான் இந்த வேலை எப்போதும் பொருந்துகிறது. அரியலூர், திருச்சி வட்டாரத்துக் கிரெட்டேசியஸ் பாறைகளை 19-ஆம் நூற்றாண்டிலேயே ஐரோப்பிய அடுக்குகளோடு பொருத்த முடிந்ததற்கு அங்கு கிடைத்த அமோனைட்டுகள் என்ற சுருள் ஓட்டுக் கடலுயிரிகள் முக்கியக் காரணம். இந்திய நிலவியல் ஆய்வு நிறுவனத்துக்காக அவற்றை விவரித்த ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா இதே செக் மண்ணில், மொராவியாவில் பிறந்தவர்.

திரும்பி கிராப்டோலைட்டுக்கு வருவோம். 20-ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் ஐரோப்பாவில் பரவலாக இருந்த நம்பிக்கை, இவை சிலூரியன் முடிவோடு அழிந்துவிட்டன என்பது. எனவே வேலை சுலபம்: பாறையில் கிராப்டோலைட் இருந்தால் சிலூரியன், இல்லையென்றால் டெவோனியனாக இருக்கலாம். பொஹீமியாவின் லோக்கோவ் சுண்ணாம்புக்கல்லில் மோனோகிராப்டஸ் ஹெர்சினிகஸ் கிடைக்கிறது. ஆகவே அது சிலூரியன். ஜெர்மனியின் துரிங்கியாவில் மேல் கிராப்டோலைட் களிப்பாறை இருக்கிறது. பெயரிலேயே கிராப்டோலைட் இருக்கும்போது சிலூரியன் அல்லாமல் வேறென்ன?

இது வட்டத்துக்குள் சுற்றும் தர்க்கம். கிராப்டோலைட் சிலூரியனோடு முடிந்தது என்று எப்படித் தெரியும்? டெவோனியன் பாறையில் அது கிடைப்பதில்லை. அந்தப் பாறை டெவோனியன் என்று எப்படித் தெரியும்? அதில் கிராப்டோலைட் இல்லை. உள்ளே இருப்பவர்களுக்கு இந்த வட்டம் தெரிவதே இல்லை. ஒவ்வொரு புதிய இடமும் விதியை மெய்ப்பிப்பதாகவே தோன்றும்.

வட்டம் 1950-களின் கடைசியிலும் 1960-களிலும் உடைந்தது. உடைத்தவர்களில் முக்கியமானவர் கிழக்கு பெர்லினில் பணியாற்றிய கிராப்டோலைட் அறிஞர் ஹெர்மன் யேகர். துரிங்கியாவின் பிந்தைய மோனோகிராப்டஸ் இனங்களை அடுக்கு அடுக்காகச் சேகரித்து, அவற்றோடு கூடவே கிடைத்த மற்றப் புதைபடிவங்களையும் ஒப்பிட்டபோது, ரைன்லாந்திலும் பெல்ஜியத்திலும் எல்லாரும் டெவோனியன் என்று ஒப்புக்கொண்ட சிப்பிப் பாறைகள் படிந்துகொண்டிருந்த அதே காலத்தில் இங்கே கிராப்டோலைட்டுகள் உயிரோடு மிதந்துகொண்டிருந்தன என்பது தெரிந்தது. கஸகஸ்தான், நெவாடா, கனடாவின் யூகான் என்று மற்ற இடங்களிலிருந்தும் இதே செய்தி வந்தது. மோனோகிராப்டஸ் வம்சம் டெவோனியன் தொடங்கிப் பல மில்லியன் ஆண்டுகள் கழித்தே முடிந்தது.

இதன் வீச்சு எவ்வளவு என்பதற்கு ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் ஒரு நல்ல சான்று. அங்கே பாரக்வநாதியா என்ற பழங்கால நிலத்தாவரம் கிராப்டோலைட்டுகளோடு சேர்ந்து கிடைத்தது. கிராப்டோலைட் இருப்பதால் பாறை சிலூரியன். ஆகவே இலை முளைத்த அந்தத் தாவரம் சிலூரியனிலேயே தரையேறிவிட்டது என்று எழுதினார்கள். 1966-இல் யேகர் அந்தக் கிராப்டோலைட்டுகளைத் திரும்பப் பார்த்து, அவை கீழ் டெவோனியன் இனங்கள் என்று காட்டினார். பின்னாளில் உண்மையாகவே சிலூரியன் வயதுள்ள பாரக்வநாதியா அடுக்குகளும் விக்டோரியாவில் கிடைத்தன என்பது வேறு விஷயம். ஆனால் 1966 வரை சொல்லிக்கொண்டிருந்த காரணம் தப்பு.

விதி உடைந்ததும் பழைய எல்லைகள் எல்லாம் ஒரே சமயத்தில் ஆட்டம் கண்டன. லட்லோ எலும்புப் படுகையின் மட்டம், பெல்ஜியத்தில் டெவோனியனின் முதல் கட்டமாக வைத்திருந்த கெடின்னியனின் தொடக்கம், கிராப்டோலைட்டுகள் மறையும் மட்டம் ஆகியவை ஒரே காலம் என்றுதான் அதுவரை கருதி வந்தார்கள். மூன்றும் வெவ்வேறு காலம் என்று ஆயிற்று. ஒரு நாட்டுப் பாடப்புத்தகத்தின் டெவோனியன் இன்னொரு நாட்டில் சிலூரியன்.

முதலில் மட்டம், பிறகு இடம்

1958-இல் ப்ராகிலும் 1960-இல் பான்–பிரஸ்ஸல்ஸிலும் நடந்த கூட்டங்களில் குழப்பம் மேசைக்கு வந்தது. 1960-இல் சர்வதேச நிலவியல் மாநாட்டின் கீழ் எல்லைக் குழு அமைந்தது. பின்னர் கனடா நிலவியலாளர் டிக்பி மெக்லாரன் அதற்குத் தலைமை தாங்கினார். பனிப்போர் உச்சத்தில் இருந்த நாட்கள். சோவியத், செக்கோஸ்லோவாக்கியா, கிழக்கு ஜெர்மனி, மேற்கு ஐரோப்பா, வட அமெரிக்கா எனக் குழு பல பக்கங்களிலும் சிதறிக் கிடந்தது. 1968 ஆகஸ்டில் ப்ராகில் கூடிய சர்வதேச நிலவியல் மாநாடு, நகரத்துக்குள் வார்சா ஒப்பந்த நாடுகளின் டாங்கிகள் நுழைந்ததால் பாதியில் கலைந்தது. அப்படியிருந்தும் வேலை நிற்கவில்லை என்பதுதான் ஆச்சரியம்.

குழு எடுத்த ஒரு வழிமுறை முடிவு எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. எந்த நாட்டின் எந்தக் குன்று என்ற பேச்சை முதலில் எடுக்கவில்லை. அதை எடுத்திருந்தால் ஆளுக்கொரு குன்றைத் தூக்கிக்கொண்டு வந்திருப்பார்கள். முதலில் கேட்டது, உலகின் அதிக இடங்களில் அடையாளம் காணக்கூடிய மட்டம் எது என்று. லட்லோ எலும்புப் படுகையின் மட்டம் வெளியேறியது. அதைக் கடல் உயிரிகளால் பின்தொடர முடியவில்லை. கிராப்டோலைட்டுகள் மறையும் மட்டமும் வெளியேறியது. அதை ஏற்றால் எல்லாரும் டெவோனியன் என்று சொல்லும் சிப்பிப் பாறைகள் சிலூரியனுக்குள் போய்விடும். தவிர, மறைவு என்பது நம்பத்தகாத அடையாளம். ஓர் இடத்தில் ஓர் இனம் கடைசியாகக் கிடைப்பது, அது அழிந்ததாலும் இருக்கலாம், நீர் ஒத்துக்கொள்ளாமல் வேறிடம் போனதாலும் இருக்கலாம். புதிய இனம் முதன்முதலாக வந்து சேர்வது, அதுவும் மிதவை உயிரி என்றால், ஓரளவு ஒரே சமயத்தில் பல கடல்களிலும் பதிவாகும்.

இந்த இரண்டுக்கும் நடுவே மோனோகிராப்டஸ் யூனிஃபார்மிஸ் தோன்றும் மட்டம் நின்றது. 1940-இல் செக் ஆய்வாளர் அலோய்ஸ் ப்ரிபில் பெயரிட்ட இனம். பரவல் அகலமானது, அடையாளம் காண எளிதானது. அதே மட்டத்தை ஒட்டி மற்ற உயிரினங்களிலும் மாற்றம் தெரிந்தது. பாரம்பரியமாக டெவோனியன் என்று கருதப்பட்டவற்றில் பெரும்பகுதியும் கோட்டுக்கு மேலேயே இருந்தது.

பிறகுதான் இடம். இன்றைய உக்ரைனில் நீஸ்தர் ஆற்றங்கரையில் உள்ள போடோலியா, நெவாடா, பொஹீமியா ஆகியவை பரிசீலனைக்கு வந்தவற்றுள் சில. போடோலியாவின் ஆற்றங்கரைப் பாறைமுகங்கள் பிரமாதமானவை. சிப்பி வகைகள் கொட்டிக் கிடக்கின்றன. ஆனால் கிராப்டோலைட் அங்கே அரிது. மட்டத்தைக் காட்டும் புதைபடிவமே தேடினால்தான் கிடைக்கும் இடத்தில் உலக எல்லையை வைப்பது சரிவராது.

பொஹீமியாவுக்கு நூற்றாண்டுக்கும் மேலான சேகரிப்பு பின்னால் இருந்தது. நாடுகடந்து ப்ராகில் தங்கியிருந்த பிரெஞ்சு அரச குடும்பத்துப் பேரனுக்கு ஆசிரியராக வந்த யோவாகிம் பராந்த் என்ற பொறியாளர், 19-ஆம் நூற்றாண்டில் அப்பகுதியின் புதைபடிவங்களுக்குத் தன் ஆயுளையே கொடுத்தார். அந்தப் பகுதிக்கே இன்று பராந்தியன் என்று பெயர். அவருடைய எல்லா முடிவுகளும் சரி என்றில்லை. பழைய அடுக்குகளுக்கு நடுவே புதிய உயிரினங்கள் திடீரென்று கிடைப்பதை, வெளியிலிருந்து முன்கூட்டியே குடியேறிய 'காலனிகள்' என்று விளக்கினார். உண்மையில் அவை பாறைப் பிளவுகளால் இடம் மாறிய அடுக்குகள். மறுத்தவர்களின் பெயரையே அந்தக் காலனிகளுக்கு வைத்துப் பழிதீர்த்துக்கொண்டார். கோபத்தையும் பெயரிடும் உரிமையையும் இவ்வளவு நேர்த்தியாக இணைத்தவரை நான் வேறெங்கும் படித்ததில்லை.

அடுக்கின் அருகில்

க்ளோங்க் பாறைமுகத்தைப் படித்தவர்கள் ஒருவரல்ல. இவோ க்லுபாச் ட்ரைலோபைட்டுகள் என்ற, அழிந்துபோன கணுக்காலிக் கடலுயிரிகளையும் அடுக்கு வரிசையையும் பார்த்தார், யேகர் கிராப்டோலைட்டுகளை, ஸிக்முன்டோவா கோனோடோன்ட் எனப்படும் நுண்பற்களை. மூவரும் சேர்ந்து 1972-இல் எழுதிய கட்டுரைதான் குன்றின் சாட்சி. படிவுகளின் தன்மையை க்லுபாச்சோடு சேர்ந்து ஸ்டெனெக் குகால் விவரித்தார்.

கீழிருந்து மேலே ஏறினால் கதை இப்படிப் போகிறது. கீழே சிலூரியனின் கடைசிப் பகுதி. அதன் அடையாளம் மோனோகிராப்டஸ் ட்ரான்ஸ்கிரேடியன்ஸ். எல்லைக்குச் சற்று முன்பே அது மறைந்துவிடுகிறது. கொஞ்சத் தூரத்துக்கு கிராப்டோலைட் வறட்சி. சுண்ணாம்புக்கல்லும் களிப்பாறையும் மட்டும் பழையபடி மாறிமாறி வருகின்றன. பாறையின் நிறத்தையோ வகையையோ பார்த்து எதுவும் சொல்ல முடியாது. பிறகு 20-ஆம் அடுக்கின் மேற்பகுதியில் யூனிஃபார்மிஸ் திடீரென்று, அதுவும் ஏராளமாக வருகிறது. அதற்கு அடுத்த அடுக்கில் வார்பர்ஜெல்லா ருகுலோசா என்ற ட்ரைலோபைட்டின் ஒரு துணையினம் தலைகாட்டுகிறது. இந்த மட்டத்தை ஒட்டியே ஸைஃபோக்ரினைட்டிஸ் என்ற கடல் அல்லியின் துண்டுகளும் பரவலாகக் கிடைக்கின்றன. இந்தக் கடல் அல்லிகள் பல கண்டங்களில் ஏறத்தாழ இதே காலத்துப் பாறைகளில் கிடைப்பதால், கிராப்டோலைட் இல்லாத ஊர்க்காரருக்கும் 'எல்லை இங்கே பக்கத்தில்தான்' என்று சொல்லிவிடுகின்றன.

இங்கே கவனிக்க வேண்டியது, எல்லையில் பாறை மாறவில்லை. லட்லோவில் எது கவர்ச்சியாக இருந்ததோ அது இங்கே இல்லை. புதிதாக வருபவருக்குக் க்ளோங்க் ஏமாற்றமாகத்தான் இருக்கும். எந்த அடுக்கு 20 என்று யாராவது காட்டினால்தான் தெரியும். எல்லைக்கு இந்தச் சலிப்பூட்டும் சீர்மைதான் வேண்டும். இருபுறமும் ஒரே கடல், ஒரே ஆழம், ஒரே வகைச் சேறு என்றால், உயிரினத்தில் தெரியும் மாற்றத்தைச் சூழல் மாற்றம் என்று தள்ளிவிட முடியாது.

குறையும் உண்டு. இந்தச் சுண்ணாம்புக்கல் பாளங்கள், மேட்டுப்பகுதியிலிருந்து நீரோட்டம் அடித்துக்கொண்டு வந்து ஆழத்தில் கொட்டிய பொருளால் ஆனவை. யூனிஃபார்மிஸ் ஒரே அடுக்கில் திடுதிப்பென்று குவியலாக வருவதைப் பார்த்தால், அது அங்கேயே படிப்படியாக உருவானது என்று சொல்வதற்கில்லை. வேறெங்கோ தோன்றி வந்து சேர்ந்திருக்கிறது. மூதாதை இனத்திலிருந்து மெல்ல மாறும் வரிசை கண்முன் இருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். பிற்காலத்து எல்லைகளுக்கு அப்படிப்பட்ட வரிசையைக் கேட்பது வழக்கமாயிற்று.

கல் எது, மரம் எது

இந்த நிகழ்வைப் பற்றிப் பேசும்போது பலரும், மாணவர்கள் மட்டுமல்ல, இடறும் இடம் ஒன்று உண்டு. 'யூனிஃபார்மிஸ் தோன்றுவதுதான் டெவோனியன் தொடக்கம்' என்று எழுதிவிடுகிறார்கள். தேர்வில் மதிப்பெண் கிடைத்துவிடும். ஆனால் 1972-இல் முடிவானது அதுவல்ல.

வயலில் நில அளவையர் எல்லைக்கல் நடுகிறார். பக்கத்தில் ஒரு வேப்பமரம் நிற்கிறது. 'வேப்பமரத்தடியில் இருக்கு பார்' என்று வழி சொல்லலாம். மரம் கல்லைக் காட்டும், மரம் எல்லையாகாது. க்ளோங்கில் கல் என்பது 20-ஆம் அடுக்குக்குள் உள்ள அந்தப் புள்ளி. யூனிஃபார்மிஸ் மரம்.

வேறுபாடு வெறும் வாய்ஜாலம் அல்ல. நாளைக்கே யாரோ 18-ஆம் அடுக்கில் யூனிஃபார்மிஸின் ஒரு துண்டைக் கண்டெடுத்தார் என்று வைத்துக்கொள்வோம். எல்லை கீழே இறங்காது. 'யூனிஃபார்மிஸ் சிலூரியனின் கடைசிக் கணத்திலேயே தோன்றிவிட்டது' என்று வாக்கியத்தை மாற்றி எழுதினால் போதும். பழைய கிராப்டோலைட் விதியில் இது நடந்திருந்தால் காலமே நகர்ந்திருக்கும்; உயிரியின் வரலாறும் காலத்தின் வரையறையும் ஒன்றாக முடிச்சுப் போட்டுக் கிடந்தன. அந்த முடிச்சை அவிழ்த்ததுதான் க்ளோங்க் முடிவின் உண்மையான பங்களிப்பு என்பேன். ஒரு புள்ளி நிலையாக நின்றால், ஒவ்வொரு புதைபடிவமும் அந்தப் புள்ளிக்கு முன்னா பின்னா என்று கேட்கலாம். சிலூரியன் என்பதற்காகக் கிராப்டோலைட், கிராப்டோலைட் என்பதற்காகச் சிலூரியன் என்ற சுற்று முடிந்தது.

ஆண்டுக் கணக்கிலும் இதே பாகுபாடு பயன்படுகிறது. எல்லையின் வயது 1990-இல் வந்த ஒரு முக்கியக் கால அட்டவணையில் 408.5 மில்லியன் ஆண்டு. 2004-இல் 416.0. 2012-இல் 419.2, பிழை வரம்பு 3.2 மில்லியன் ஆண்டு. அண்மைய சர்வதேச அட்டவணையில் 419.62, பிழை வரம்பு 1.36. இந்த எண்கள் பெரும்பாலும் வேறு இடங்களின் எரிமலைச் சாம்பல் அடுக்குகளிலிருந்து, குறிப்பாக நியூயார்க் மாநிலத்துச் சாம்பலில் உள்ள ஜிர்கான் படிகங்களின் யுரேனியம்–ஈய அளவீடுகளிலிருந்து வருபவை. சாம்பலின் வயதை எல்லையோடு இணைக்க மறுபடியும் புதைபடிவங்களே பாலம். அளக்கும் கருவி மேம்பட மேம்பட எண் நகர்கிறது. 11 மில்லியன் ஆண்டு நகர்ந்தும் எந்த நாட்டு நிலவியல் வரைபடத்திலும் எல்லைக்கோட்டை அழித்துப் போட வேண்டியிருக்கவில்லை, ஏனென்றால் கோடு எண்ணை நம்பி இருக்கவில்லை.

யாருக்கு என்ன போயிற்று

பிரிட்டனுக்குத்தான் இழப்பு அதிகம். இரண்டு காலங்களுக்கும் பெயர் கொடுத்த நாடு, எல்லையைப் பொஹீமியாவுக்கு விட்டுக்கொடுத்தது. லட்லோ எலும்புப் படுகைக்கு மேலே இருந்த டௌன்டன் பாறைகள் டெவோனியனிலிருந்து சிலூரியனுக்குத் திரும்பின. செம்மணற்கல்லின் அடிப்பகுதி இப்போது சிலூரியன். எல்லை அந்தச் செம்மணற்கல்லுக்கு நடுவே எங்கோ ஓடுகிறது.

லட்லோவின் பழைய எல்லைக்கும் புதிய எல்லைக்கும் இடையே பெயரில்லாத காலம் ஒன்று மிச்சப்பட்டது. சில மில்லியன் ஆண்டுகள் நீண்ட அந்தத் துண்டுக்குப் ப்ர்ஷீடோலி என்ற செக் பெயர் வந்தது. சிலூரியனின் நான்காவது, கடைசிப் பிரிவு. அதன் அடிப்புள்ளியும் ப்ராக் அருகே ஒரு பழைய கல்குவாரியில். டெவோனியனின் முதல் இரண்டு கட்டங்களுக்கும் பெல்ஜிய, ஜெர்மானியப் பெயர்களான கெடின்னியன், சீகனியன் போய், லோக்கோவியன், ப்ராகியன் நிலைத்தன. ரைன்லாந்துச் சிப்பிப் படிவுகள் கரையோரச் சூழலில் படிந்தவை. மிதவை உயிரிகள் அங்கே போதவில்லை. லட்லோவைத் தோற்கடித்த அதே காரணம்.

இந்தப் பெயர் மாற்றங்களைச் செக் வெற்றி என்று எழுதுபவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. தங்கள் நாட்டின் வழக்கப்படி லோக்கோவ் பாறை சிலூரியன் என்று படித்து வளர்ந்த செக்குகளும் பழையதை விட்டுத்தான் வந்தார்கள்.

தீராத இரண்டு

முதலாவது கோனோடோன்ட். கிராப்டோலைட் இல்லாத ஆழமற்ற சுண்ணாம்புக்கல்லில் எல்லையைத் தேட இக்ரியோடஸ் வோஷ்மிட்டி என்ற இனத்தைப் பலர் நம்பினார்கள். அமிலத்தில் பாறையைக் கரைத்தால் அடியில் தங்கும் நுண்பற்கள் என்பதால் சேகரிப்பதும் எளிது. ஆனால் பின்னர் உற்றுப் பார்த்தபோது, அந்த ஒரு பெயருக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட இனங்கள் கலந்திருக்கின்றன, சில வடிவங்கள் எல்லைக்குக் கீழேயே வந்துவிடுகின்றன என்ற வாதம் வலுத்தது. யூனிஃபார்மிஸும் வோஷ்மிட்டியும் ஒன்றாக வருவதாக எழுதிய பழைய அறிக்கைகளை இதனால் ஒவ்வொன்றாகத் திரும்பப் பார்க்க வேண்டியிருக்கிறது. இங்கே வேதியியல் கைகொடுக்கிறது. எல்லையை ஒட்டிக் கடல்நீரின் கார்பன் ஐசோடோப்பு விகிதம் வெகுவாக மாறியது. கார்பனின் கனமான வகையான கார்பன்-13-இன் பங்கு உயர்ந்தது. இந்த மேட்டைப் பொஹீமியாவிலும் போடோலியாவிலும் நெவாடா, ஓக்லஹோமா, மேற்கு வர்ஜீனியாவிலும் பாறையில் அளந்திருக்கிறார்கள். க்ளோங்க் நிகழ்வு என்றே அதற்குப் பெயர். புதைபடிவம் இல்லாத சுண்ணாம்புக்கல்லிலும் இந்த மேடு பதிந்திருக்கும். ஆனால் மேடு அகலமானது. ஓர் அடுக்கைச் சுட்டிக்காட்டும் கூர்மை அதற்குக் கிடையாது. பக்கத்தில் ஒரு ட்ரைலோபைட்டோ ஒரு கோனோடோன்ட்டோ கிடைத்தால்தான் எந்த மேடு என்றே உறுதியாகச் சொல்ல முடியும்.

இரண்டாவது நிலம். வேல்ஸ் எல்லைச் செம்மணற்கல்லில் கிராப்டோலைட்டும் இல்லை, கோனோடோன்ட்டும் இல்லை. தாடையில்லாத மீன்களின் தகடுகளையும் தாவர வித்துத்துகள்களையும் கொண்டே அங்கே எல்லையை ஊகிக்கிறார்கள். வித்துத்துகள்கள் காற்றிலும் ஆற்றிலும் அடித்துக் கடலுக்கும் போவதால், கடல் படிவில் கிராப்டோலைட்டோடு அவை சேர்ந்து கிடைக்கும் இடங்கள் இந்த ஊகத்துக்குப் பாலமாகின்றன. தரையில் தாவரங்களும் ஆறுகளில் மீன்களும் பெருகிய காலம் இது என்பதால் இந்தக் கேள்வியை ஒதுக்கவும் முடியாது.

இந்தக் குறைகளைச் சொல்லி, க்ளோங்கை விட்டு வேறு இடத்துக்கு எல்லையை மாற்றலாம் என்று கேட்டால், அதற்குக் காரணம் போதாது என்பதே என் கருத்து. யூனிஃபார்மிஸின் பரவல் அரை நூற்றாண்டுக்கும் மேலாகச் சோதனைக்கு உட்பட்டு நின்றிருக்கிறது. கோனோடோன்ட் சிக்கலும் நிலத்துச் சிக்கலும் வேறு குன்றுக்குப் போனாலும் கூடவே வரும். அவற்றுக்குத் தேவை துணைப் பாறைமுகங்கள். கார்ல்ஷ்டெய்ன் கோட்டைக்கு அருகே உள்ள புட்ஞானி பாறையை முதலிலேயே க்ளோங்குக்குத் துணையாகச் சேர்த்தார்கள். போடோலியா போன்ற சிப்பி மிகுந்த இடம் ஒன்றும், வித்துத்துகளும் கிராப்டோலைட்டும் சேர்ந்து கிடைக்கும் கடலோரப் படிவு ஒன்றும் இதே வகையில் துணை நின்றால், கரையிலும் தரையிலும் வேலை செய்பவர்கள் 20-ஆம் அடுக்கைத் தங்கள் பாறையில் தேட வழி கிடைக்கும்.